மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் விளம்பரப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு

நம்முடைய பக்கத்தில் கமராவை நம்பிப் பிழைக்கிற அநேகருக்குக் கலியாண வீடும் சாமத்திய வீடும்தான் சோறு போடுகின்றன. அவை குறைந்த மாதங்களில் ஸ்ரூடியோவில் அடையாள அட்டைப் படம், பாஸ்போட் படம் என்று நாள் போகும். அதே தெருவில் இன்னொரு வேலை ஆளில்லாமல் கிடக்கிறது. காத்தான்குடி நகைக்கடை, மருதமுனைக் கைத்தறி, கல்முனை உடுப்புக்கடை, பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் உள்ள ஹோட்டல்கள், வீட்டில் கேக் செய்து வட்ஸ்அப்பில் விற்கும் அக்காமார், இவர்கள் எல்லாருக்கும் படம் தேவைப்படுகிறது. வசதியுள்ளவர்கள் கொழும்பிலிருந்து ஆளைக் கூப்பிடுகிறார்கள். மற்றவர்கள் இணையத்தில் கிடக்கிற யாரோ ஒருவரின் படத்தை எடுத்துத் தங்கள் கடைப் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் படத்தில் இருக்கிற புரியாணி அந்தக் கடையில் கிடைக்காது.

இந்த வேலைக்கு வர நினைக்கிறவர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியதும் இதைத்தான். நம்முடைய ஊர்கள் சிறியவை. காலையில் பேஸ்புக்கில் படத்தைப் பார்த்தவர் பின்னேரம் கடை வாசலில் நிற்பார். படத்தில் கண்டதும் கையில் வாங்கியதும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்தக் கதை அன்றிரவே ஊர் முழுக்கப் போய்விடும். கடைக்காரரின் பெயரோடு உங்கள் பெயரும் கெடும். ஆகவே இங்கே விளம்பரப் படம் எடுப்பவருடைய திறமை, உள்ள பொருளை உள்ளபடியே, அதன் மிக நல்ல வெளிச்சத்தில் காட்டுவதில் இருக்கிறது. கீழே சொல்கிற எல்லாமே அதற்கான வழிகள்.

கமராவை எடுக்க முன்னம்

கலியாண வீட்டில் நடப்பதைப் பின்தொடர்ந்து எடுக்கிறோம். விளம்பரப் படத்தில் எதுவுமே தானாக நடக்காது. மேசை, துணி, வெளிச்சம், பொருள் நிற்கும் கோணம் எல்லாவற்றையும் நாங்கள்தான் வைக்க வேண்டும். அதனால் பாதி வேலை கதைப்பதிலேயே முடிகிறது. கடைக்காரரிடம் போய் உட்கார்ந்து, தேத்தண்ணி வந்தால் குடித்துவிட்டு, நான்கு விசயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: படம் எங்கே வரப்போகிறது, யார் பார்க்கப் போகிறார்கள், பார்த்தவர் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு காலம் அந்தப் படம் ஓடும்.

முதற் கேள்விதான் முக்கியமானது. வட்ஸ்அப் ஸ்ரேற்றஸுக்கு நிமிர்ந்த படம் வேண்டும். பேஸ்புக் பதிவுக்குச் சதுரம் பொருந்தும். மெயின் வீதியில் கட்டுகிற பெனருக்கு நீளப்பாட்டில் வேண்டும். இதைக் கேட்காமல் எடுத்துவிட்டுப் பிறகு வெட்டினால் சட்டியின் அடியோ சேலையின் கரையோ போய்விடும்.

எழுத்துக்கு இடம் விடுவதையும் இப்போதே யோசிக்க வேண்டும். நம்முடைய பக்கத்தில் ஒரே பெனரில் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் வருவது வழமை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லில் முடிகிற தள்ளுபடி அறிவிப்புக்குத் தமிழில் ஒரு வரி முழுவதும் வேண்டியிருக்கும். மூன்று மொழிக்கும் சேர்த்துப் படத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது வெறுமையாக விடுங்கள். வெறுமை வீணான இடம் என்று முதலாளிமார் நினைப்பார்கள். அவர்களுக்குக் காட்ட நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. 1959இல் நியூயோர்க்கின் டொயில் டேன் பேர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம் ஃபோக்ஸ்வேகன் காருக்குச் செய்த விளம்பரத்தில் படப் பகுதி ஏறத்தாழ முழுவதும் வெறுமைதான். மேலே ஒரு பக்கத்தில் சின்னதாக அந்தக் கார் நிற்கும். விளம்பரக் கலை படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதை எடுத்து வைத்துப் பார்க்கிறார்கள்.

முதலாளி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்: “தம்பி, கடையில இருக்கிற எல்லாத்தையும் ஒரு படத்துக்குள்ள கொண்டு வரணும்.” மறுத்துக் கதைக்க வேண்டாம். திருப்பிக் கேளுங்கள்: “காக்கா, இந்தப் படத்தப் பாத்திட்டு வாற ஆள் கடைக்குள்ள வந்து முதல்ல என்னத்தக் கேக்கணும்?” அவர் சொல்லும் பதில்தான் உங்கள் படம். மற்றச் சாமான்களுக்கு வேறு படங்கள் எடுக்கலாம், அவற்றுக்கு வேறு கணக்கு.

கல்லடிப் பாலத்தையும் வாவியையும் பின்னால் வைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மீன்பாடும் தேனாடு என்ற பெருமை நம் எல்லாருக்கும் உண்டு. ஆனாலும் செருப்பு விற்கிற படத்தில் பாலம் நின்றால் கண் பாலத்துக்குத்தான் போகும். வாவி இறாலையோ நண்டையோ விற்கிறவர் கேட்டால் மட்டும் வாவிக்கரைக்குப் போங்கள்.

என்ன வாங்குவது

தொடக்கத்தில் கொஞ்சமே போதும். 2020க்குப் பிறகு வந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் 2022இன் டொலர் நெருக்கடியும் கமரா விலையை எங்கோ கொண்டுபோய்விட்டன. பாவித்த கமரா ஒன்றை, தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்து வாங்குவது புத்தி. லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல வெள்ளை நூல் தெரிந்தால் அது பூஞ்சணம், வாங்க வேண்டாம்.

கமரா இல்லாதவர் நல்ல கைத்தொலைபேசியிலேயே தொடங்கலாம். ஏ4 தாளில் நன்றாக அச்சிட 2480க்கு 3508 புள்ளிகள் வேண்டும், அதாவது 9 மெகாபிக்சலுக்கும் சற்றுக் குறைவு. பெரிய பெனரைத் தூரத்தில் நின்று பார்ப்பதால் அதற்கு அடர்த்தி இன்னும் குறைவாக இருந்தாலும் குறை தெரியாது. ஆனால் தொலைபேசியின் அகன்ற லென்ஸால் கிட்டப் போய் எடுத்தால் போத்தலின் வயிறு வீங்கித் தெரியும். பின்னால் தள்ளி நின்று, இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு லென்ஸைப் பாவியுங்கள். அழகாக்கும் வசதிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

சல்லியை முதலில் முக்காலிக்குச் செலவழியுங்கள். அசையாத கமரா இருந்தால் வெளிச்சம் குறைந்த அறையிலும் ஐஎஸ்ஓவை, அதாவது கமரா வெளிச்சத்தை உணரும் அளவை, 100இல் வைத்து எடுக்கலாம். கமரா ஒரே இடத்தில் நிற்கும்போது பொருளை ஒரு விரலளவு நகர்த்தினாலும் என்ன மாறியது என்று தெரியும். லென்ஸ் என்றால் 50 மில்லிமீற்றர் ஒன்று போதும். நகை வேலை தொடர்ந்து வந்தால் பிறகு மிகக் கிட்ட நின்று எடுக்க உதவும் 90 அல்லது 100 மில்லிமீற்றர் மக்ரோ லென்ஸ் வாங்கலாம்.

மற்றதெல்லாம் புத்தகக் கடையிலும் ஹாட்வெயாரிலும் கிடைக்கும். வெள்ளை பிரிஸ்டல் போட், கறுப்பு பிரிஸ்டல் போட், ரெஜிபோம் தகடு, வெசாக் கூட்டுக்கு ஒட்டுகிற எண்ணெய்க் கடதாசி, துணிக் கிளிப், ஒட்டுகிற களி. வெள்ளை ரெஜிபோம் நிழலுக்குள் வெளிச்சத்தைத் திருப்பிவிடும். கறுப்பு அட்டை வெளிச்சத்தைத் தின்னும். இந்த இரண்டையும் வைத்துப் பழகியவருக்கு விலை கூடிய லைட் இல்லாத குறை வெகுநாள் தெரியாது.

நம்முடைய காற்றின் ஈரமும் உப்பும் லென்ஸுக்கு எதிரி. மூடி இறுகுகிற பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கமராவை வையுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்தாலோ குளிரூட்டிய வான் வண்டியிலிருந்து இறங்கினாலோ பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் பொறுங்கள். உடனே எடுத்தால் கண்ணாடி முழுக்கப் பனி படியும்.

வெளிச்சம்

வெளிநாட்டுப் பாடங்கள் எல்லாம் வடக்குப் பார்த்த யன்னலைத் தேடச் சொல்கின்றன. அது ஐரோப்பாவுக்குச் சரி, அங்கே சூரியன் எப்போதும் தெற்குப் பக்கமாகவே போகிறது. மட்டக்களப்பு வட அகலாங்கு 7.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 10ஐ ஒட்டி ஒரு தடவையும் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு தடவையும் சூரியன் நம் உச்சிக்கு நேரே வரும். இடைப்பட்ட மாதங்களில் அது நமக்கு வடக்கே நின்று போகிறது. அப்போது வடக்கு யன்னலுக்குள் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும். ஆகவே ஏப்ரலிலிருந்து ஓகஸ்ட் வரை தெற்கு யன்னல், மற்ற மாதங்களில் வடக்கு யன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எந்த யன்னலுக்கு எந்த நேரம் என்ன வெளிச்சம் வருகிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வந்தால் அதுவே உங்களுடைய ஸ்ரூடியோ ஆகிவிடும்.

யன்னலில் எண்ணெய்க் கடதாசியை ஒட்டினால் வெளிச்சம் மென்மையாகும், நிழலின் விளிம்பு கரையும். மேசையை யன்னலுக்குக் கிட்டப் போடுவதா, தள்ளிப் போடுவதா என்பதும் படத்தை மாற்றும். சிறிய லைட் ஒன்றிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிறது. யன்னல் பெரியது என்பதால் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாவிட்டாலும் போக்கு அதுதான். கிட்ட இருக்கிற பொருளில் ஒரு பக்கம் பிரகாசமாகவும் மறுபக்கம் இருட்டாகவும் இருக்கும், பின்னணியும் தானாக இருண்டுவிடும். தள்ளிப் போனால் எல்லாம் ஒரே அளவாகத் தட்டையாகும். தயிருக்கும் கேக்குக்கும் கிட்ட வையுங்கள். விலைப்பட்டியலுக்கு வரிசையாக ஐம்பது சாமான் எடுக்கும்போது தள்ளி வையுங்கள்.

வேலை தொடங்க முன்னம் அறை மின்குமிழ்களை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தின் நிறம் 5500 கெல்வின் அளவில் இருக்கும், மஞ்சள் குமிழ் 3000 பக்கம் நிற்கும். இரண்டும் கலந்தால் சோற்றின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும், கணினியில் அதைத் திருத்துவது தண்டனை. கடையின் எல்ஈடி லைட்டிலேயே எடுக்கவேண்டி வந்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான குமிழ்கள் அந்தக் கணக்கில் நொடிக்கு 100 தடவை மினுங்கும், வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஃபேனையும் நிறுத்தச் சொல்லுங்கள். வியர்க்கும்தான், ஆனால் துணியும் புகையும் அசையாது.

ஒரு தயிர்ச் சட்டியில் பழகுங்கள்

பயிற்சிக்கு எருமைத் தயிரை விட நல்ல பொருள் நம் ஊரில் கிடையாது. விலை குறைவு, எங்கும் கிடைக்கிறது, எடுப்பதோ கடினம். வெள்ளைப் பொருளையும் மண் சட்டியையும் ஒன்றாகச் சரியாக எடுக்கத் தெரிந்தவருக்கு மற்ற உணவுகள் இலகு.

இரண்டு சட்டி வாங்குங்கள். ஒன்று வெளிச்சம் பார்ப்பதற்கு, மற்றதைக் கடைசி வரை குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கடையில் வாங்கும்போதே ஆடை கிழியாத, சட்டியின் வாய் உடையாத ஒன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும். சட்டியின் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். கழுவ வேண்டாம், நனைந்த மண் கறுத்துப்போகும்.

மேசையில் பன்பாயோ பழைய பலகையோ போடுங்கள். யன்னல் சட்டிக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் இருக்கட்டும். அப்போது தயிரின் மேற்பரப்பில் வெளிச்சம் சறுக்கிப் போகும், ஆடையின் சுருக்கம் தெரியும். முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் வெறும் வெள்ளை வட்டம்தான் மிஞ்சும். யன்னலுக்கு எதிர்ப்பக்கம் ரெஜிபோம் தகட்டை நிறுத்தி, சட்டியின் நிழல் பக்கத்தில் மண் நிறம் தெரிகிற வரை மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டுவாருங்கள்.

கமராவை 45 பாகை அளவில் சாய்த்து, லென்ஸின் திறப்பை எஃப் 8இல் வையுங்கள். இனி வெள்ளைக்கான கணக்கு. கமராவின் வெளிச்ச அளவி எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். தயிர் படம் முழுக்க நிறைந்தால் அது தயிரையும் சாம்பலாக்கிவிடும். வெளிச்ச அளவை முக்கால் அல்லது ஒரு படி கூட்டி எடுத்து, படத்தின் இருட்டையும் வெளிச்சத்தையும் வரைந்து காட்டுகிற ஹிஸ்ரோகிராம் அதன் வலது விளிம்பில் மோதாமல் நிற்கிறதா என்று பாருங்கள். மோதினால் ஆடையின் சுருக்கம் எரிந்துபோயிருக்கும், அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. கமரா கண்டதைச் சுருக்காமல் வைத்திருக்கிற ரோ வடிவில் படத்தைச் சேமியுங்கள்.

எல்லாம் சரியென்றான பிறகுதான் நல்ல சட்டியைக் கொண்டுவர வேண்டும். கரண்டியால் ஒரே வெட்டு. வெட்டிய முகம் மினுங்கி நிற்பது கொஞ்ச நேரம்தான், பிறகு தண்ணீர் ஊறத் தொடங்கும். அதற்குள் பத்துப் பதினைந்து படம் எடுத்துவிடுங்கள். ஊறியதைத் திசுக் கடதாசியின் முனையால் ஒற்றி எடுக்கலாம். கித்துள் பாணி ஊற்றுவதென்றால் கடைசியில். பின்னாலிருந்து வருகிற வெளிச்சம் பாணிக்குள் புகுந்தால்தான் அந்தச் செந்நிறம் வரும். அதனால் ஊற்றுகிறவரை யன்னலுக்கு எதிரே நிறுத்தி, மெல்லிய நூலாக ஊற்றச் சொல்லி, ஷட்டரை 1/500க்குக் கூட்டுங்கள். ஐஎஸ்ஓ கூடினாலும் பரவாயில்லை.

உணவு விளம்பரத்தில் ஐஸ்கிறீமுக்குப் பதில் உருளைக்கிழங்கு, பாலுக்குப் பதில் பசை என்று பல வித்தைகள் உலகத்தில் பேசப்படுகின்றன. விற்கிற பொருளுக்குப் பதிலாக வேறொன்றை வைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடை செய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தத் தயிரை வாங்கப் போவது உங்கள் பக்கத்து வீட்டு மாமிதான். நல்ல சட்டியைத் தேர்ந்தெடுப்பது, தண்ணீரை ஒற்றுவது, வெளிச்சத்தைத் திருப்புவது எல்லாம் நேர்மையான வேலை. அதற்குள்ளேயே செய்ய எவ்வளவோ இருக்கிறது.

துணி, நகை, அறை

மருதமுனைச் சாரனோ சேலையோ எடுக்கும்போது இரண்டு விசயம் சரியாக வரவேண்டும்: நிறமும் நெசவும். நிறத்துக்குச் சாம்பல் அட்டை ஒன்றைத் துணியின் மேல் வைத்து முதற் படத்தை எடுங்கள். பிறகு கணினியில் அந்த அட்டையைத் தொட்டு வெள்ளைச் சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரிகிற நிறக் கணக்கை, வைத்து, அதே கணக்கை எல்லாப் படத்துக்கும் போடலாம். இணையத்தில் துணி விற்கிறவர்களுக்குத் திரும்பி வருகிற சாமானில் பெரிய தலையிடி நிறம் மாறியதுதான், இதைச் சரியாகச் செய்கிறவரை அவர்கள் விடமாட்டார்கள். நெசவு தெரிய வெளிச்சம் துணியோடு உரசுகிற மாதிரிப் பக்கத்திலிருந்து வரவேண்டும். நெருக்கமான நெசவில் சில நேரம் வானவில் அலை போல ஒரு கோலம் விழும். அது துணியில் இல்லை, சென்சரின் கட்டங்களும் நூலின் கட்டங்களும் மோதுவதால் வருவது. கமராவைக் கொஞ்சம் முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தினாலோ சற்றுத் திருப்பினாலோ போய்விடும். எடுக்கும்போதே பெரிதாக்கிப் பாருங்கள்.

தங்கம் ஒரு கண்ணாடி. அது தன்னைச் சுற்றியுள்ளதைத்தான் காட்டும், நீங்கள் போட்டிருக்கிற சேட்டையும் சேர்த்து. நகையைச் சுற்றி எண்ணெய்க் கடதாசியால் கூடாரம் கட்டி, லென்ஸுக்கு மட்டும் ஒரு துளை விடுங்கள். எல்லாப் பக்கமும் வெள்ளையானால் நகை செத்துப்போய்த் தெரியும். அப்போது கறுப்பு அட்டையை விரலகலத் துண்டாக வெட்டிக் கூடாரத்துக்குள் ஒரு பக்கம் வையுங்கள், தங்கத்தில் கறுப்புக் கோடு விழுந்து அதன் வளைவு எழும். லென்ஸின் திறப்பை எஃப் 11க்கு மேல் மூடிக்கொண்டே போனால் கூர்மையாகத் தெரியும் ஆழம் கூடும், ஆனால் எஃப் 16ஐத் தாண்டினால் படம் முழுக்கக் கூர்மை குறைந்துவிடும். அதைவிட எஃப் 8இல் வைத்து, முன்னிருந்து பின்னாகக் குவியத்தை நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஃபோட்டோஷொப்பில் சேர்ப்பது நல்லது. நகைக்கு மேல் மூச்சு விடாதீர்கள். விலை கூடிய சாமானை எடுக்கும்போது கடை ஆள் ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும், எண்ணி வாங்கி எண்ணிக் கொடுங்கள்.

ஹோட்டல் அறைக்குக் கமராவை நெஞ்சளவு உயரத்தில், முன்பின் சரியாமல் மட்டமாக வையுங்கள். சுவர் நேராக நிற்கும். உள்ளே இருட்டு, யன்னலுக்கு வெளியே பளபளப்பு என்றால் வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று அல்லது ஐந்து படங்கள் எடுத்துச் சேர்க்கலாம். நம்முடைய கரை கிழக்குக் கரை, கடலைப் பார்க்கிற முகப்புக்கு வெயில் காலையில்தான் விழும். மாலையில் போனால் கட்டடம் நிழலுக்குள் நிற்கும். ஆனால் சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்தில் வானம் கடும் நீலமாகி, அறைகளின் மஞ்சள் லைட் அதற்குள் எழுகிற பொழுதொன்று இருக்கிறது. கால் மணி நேரம் போல நிற்கும். ஹோட்டல்காரர்கள் அந்தப் படத்துக்கே காசு தருவார்கள், முக்காலியை முன்னமே வைத்துவிட்டுக் காத்திருங்கள். ட்ரோன் பறக்கவிடுவதென்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிவு வேண்டும். மட்டக்களப்புக் கோட்டை போன்ற தொல்பொருள் இடங்களில் வியாபாரப் படம் எடுக்க முன் அனுமதி பெறுங்கள்.

ஆட்கள் வருகிற படம்

யாருடைய முகத்தைக் காட்டினாலும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பேஸ்புக்கில் போட ஒத்துக்கொண்டவர் பெனரில் தொங்க ஒத்துக்கொண்டதாக ஆகாது, எங்கே வரும் என்று தாளில் எழுதியே கையெழுத்து வாங்க வேண்டும். பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனின் கையெழுத்து. நம்முடைய பக்கத்தில் பல குடும்பங்கள் வீட்டுப் பெண்களின் முகம் விளம்பரத்தில் வருவதை விரும்புவதில்லை, வற்புறுத்தக் கூடாது. கைகள் மட்டும் போதும். காப்பு மாட்டுகிற கை, துணி மடிக்கிற கை, மாவு பிசைகிற கை. முகமில்லாத அந்தப் படங்களில் பார்க்கிறவர் தன்னை வைத்துப் பார்த்துக்கொள்வார். சாராயத்துக்கும் சிகரெட்டுக்கும் விளம்பரம் செய்வதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. அப்படியான வேலை வந்தால் கதையை அங்கேயே முடித்துவிடுங்கள்.

கணினியில்

அளவோடு. தூசியையும் கீறலையும் எடுங்கள், நிறத்தைச் சரிசெய்யுங்கள், அதோடு கையை எடுத்துவிடுங்கள். சேலையின் சிவப்பை இன்னும் சிவப்பாக்கினால் அது வேறு சேலை. இணையத்துக்கு, திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஜேபெக் கொடுங்கள். அச்சுக்கு என்றால் அச்சகத்துக்குப் போய் எந்த வடிவில் வேண்டும் என்று கேளுங்கள், கடும் பச்சையும் நீலமும் தாளில் மங்கும் என்பதை முதலாளிக்கு முன்னமே சொல்லி வையுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டொக்கியூமென்ராக அனுப்பினால் தரம் குறையாது. எல்லாவற்றையும் மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும். வெள்ளம் வருகிற ஊர் நம்முடையது.

காசுக் கதை

இங்கேதான் நல்ல கமராக்காரர்கள் பலர் தோற்கிறார்கள். “உனக்கென்ன, பட்டன் அமத்துற வேலதானே” என்று சொல்லுகிறவருக்கு நீங்கள் கணக்கோடு பதில் வைத்திருக்க வேண்டும். உதாரணத்துக்கு, கமராவும் லென்ஸும் மற்றதும் சேர்த்து 3 இலட்சம் ரூபாய் என்று வைப்போம். அவை மூன்று வருடம் உழைக்கும், வருடத்துக்கு 50 நாள் விளம்பர வேலை கிடைக்கும் என்றால் மொத்தம் 150 நாள். ஒரு நாளுக்குச் சாமான் தேய்மானமே 2,000 ரூபாய். அதற்கு மேல் பெற்றோல், உதவியாளுக்குக் கூலி, வாங்குகிற தயிரும் அட்டையும், இணையம், மின்சாரம். ஒரு நாள் எடுத்தால் கணினியில் இன்னொரு நாள் போகும், அந்த நாளுக்கும் உங்களுக்குச் சம்பளம் வேண்டும். இவ்வளவையும் கூட்டி வருகிற தொகைக்குக் கீழே இறங்கினால் நீங்கள் உங்கள் கைக்காசைப் போட்டு முதலாளிக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

விலையை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: எடுக்கிற கூலி, செலவு, பாவனைக்கான கட்டணம். கடைசியானது நம் பக்கத்தில் புதிது, ஆனால் அதுதான் நியாயமானது. மூன்று மாதம் பேஸ்புக்கில் ஓடுகிற படமும், பொதியில் அச்சாகி வருடக்கணக்காக விற்கப்படும் படமும் ஒரே விலைக்குப் போகக் கூடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிழற்படத்தையும் பாதுகாக்கிறது. காசு கொடுத்து எடுப்பித்த படத்தின் உரிமை யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளாவிட்டால் பிறகு வாதாடுவது கடினம். எங்கே, எவ்வளவு காலம், எத்தனை படம், எத்தனை தடவை திருத்தம், உங்கள் தொகுப்பில் அதைக் காட்டலாமா, இவ்வளவையும் ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். சொந்தக்காரர் என்றாலும் தாள் வேண்டும். சொந்தம் கெடாமல் இருக்கத்தான் அது.

பாதிக் காசு முற்பணம், மீதி முழு அளவுப் படங்களைக் கொடுக்க முன்னம். பார்த்துத் தெரிவு செய்யச் சின்ன அளவில், பெயர் பொறித்துக் கொடுத்தால் போதும். பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்கும் பற்றுச்சீட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். ஹோட்டல்களும் நிறுவனங்களும் பற்றுச்சீட்டு இல்லாதவருக்குக் காசு எழுத மாட்டா.

முதல் வேலை எப்படி வரும்

கேட்டு வராது, காட்டித்தான் வரும். உங்கள் தெருவிலேயே மூன்று பொருட்களை உங்கள் செலவில் வாங்கி எடுங்கள்: ஒன்று உணவு, ஒன்று துணி, ஒன்று மினுங்குகிற பொருள். ஒவ்வொன்றிலும் மிகச் சிறந்த ஒரே படம். நாற்பது சுமாரான படத்தைக் காட்டினால் பார்க்கிறவர் சுமாரானதைத்தான் ஞாபகம் வைத்திருப்பார். அவற்றை அச்சிட்டுக் கையில் கொண்டுபோங்கள். தொலைபேசியில் காட்டினால் அழைப்பொன்று வரும், கதை முறியும். இலவசமாக எடுத்துத் தருகிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம், அந்த விலையே உங்கள் விலையாக ஊரில் பதிந்துவிடும். விலை குறைப்பதென்றால் முழு விலையைச் சீட்டில் எழுதி, கழிவு என்று கீழே காட்டிக் குறையுங்கள்.

பெரிய கடைகளை விட, சொந்தமாகப் பொருள் செய்து விற்கிற சின்ன ஆட்களிடம் முதலில் போகும்படி சொல்வேன். தேன், அச்சாறு, முறுக்கு, கைப்பை செய்கிறவர்களுக்குப் படத்தின் பலன் அடுத்த நாளே தெரியும், அவர்கள் இன்னும் நாலு பேருக்குச் சொல்வார்கள்.

கலண்டரையும் சுவரில் மாட்டுங்கள். தைப்பொங்கல், நோன்புப் பெருநாள், சித்திரை வருடப்பிறப்பு, ஹஜ்ஜுப் பெருநாள், தீபாவளி, நத்தார் ஒவ்வொன்றுக்கும் கடைக்காரர் பெனர் அடிக்க இரண்டு வாரம் எடுப்பார், ஆகவே ஒன்றரை மாதத்துக்கு முன்னமே போய்க் கதையுங்கள். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜும் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முந்தி வருவதால் போன வருடத்துக் குறிப்பை நம்ப வேண்டாம். பாசிக்குடாவில் கடல் அமைதியாகிறது சித்திரைப் பக்கம், அறுகம்பையில் அலை விளையாட்டுக்காரர்கள் வரத் தொடங்குவதும் அதையொட்டித்தான். மழை மாதங்களில் வெளியே எடுக்க முடியாது, மழை விட்டதும் புல்லும் மரமும் நல்ல பச்சையாக நிற்கும். பெப்ரவரி கடைசியிலேயே ஹோட்டல் முகாமையாளரை அழைத்து, மார்ச் முதல் இரண்டு வாரத்தில் இரண்டு காலை, ஒரு மாலை கேட்டு வாங்கிவிடுங்கள்.